நாலு நட்டுக்குப் பத்தாயிரம் ரூபாய்

போன தை மாதம் தர்மபுரியில் என் தம்பி மகனுக்குக் காதுகுத்து. முகூர்த்தம் காலை 7.30-க்குள். அத்தை நான் போய்ச் சேராமல் தட்டு வரிசை நகராது என்பதால், பெங்களூரு லிங்கராஜபுரத்திலிருந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு விடிகாலை 4 மணிக்கே கிளம்பிவிட்டேன். ஓசூர் ரோட்டில் அத்திப்பள்ளி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் பின்சக்கரம் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. எனக்குப் பெரிய பதற்றம் ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார், இந்த வேகன் ஆர் எட்டு வருடமாக என் பொறுப்புதான். ஸ்டெப்னி மாற்றத் தெரியும். இருபது நிமிடத்தில் கிளம்பிவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு டிக்கியைத் திறந்தேன்.

ஒரு நட்டுகூட அசையவில்லை. காரோடு கொடுத்த எல் ஸ்பேனரை மாட்டி இழுத்தேன், காலால் உதைத்தேன், கடைசியில் கார் மேல் கை வைத்துக்கொண்டு ஸ்பேனர் நுனியில் ஏறியே நின்றேன். ஸ்பேனர் வழுக்கி என் முழங்கால் எலும்பில் அடித்தது. இரண்டாவது தடவை வழுக்கியபோது நட்டின் ஒரு முனை மழுங்கிவிட்டது. பக்கத்தில் லாரிகள் போகும்போதெல்லாம் கார் ஆடியது. அம்மா பட்டுப்புடவையோடு சாலையோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "யாரையாவது கூப்பிடேன்டி" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சொன்னார். இன்ஷூரன்ஸோடு வந்த சாலை உதவி நம்பருக்கு அழைத்தேன், வண்டி வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் அப்படிப் போனது. நடுவில் அழுதேன். வலிக்காக இல்லை, தெரிந்த வேலையைச் செய்ய முடியவில்லையே என்றுதான்.

அப்புறம் ஒரு லாரி ஓரம் கட்டியது. சங்ககிரிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஸ்பேனரை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "காத்து கன்னுல முறுக்கி விட்டிருக்கானுங்கம்மா. இத வெறும் ஸ்பேனர்ல கழட்ட முடியாது" என்றார். லாரியிலிருந்து இரண்டரை அடி இரும்புக் குழாய் ஒன்றை எடுத்து வந்து ஸ்பேனர் கைப்பிடியில் செருகினார். 'டக்'கென்று ஒரு சத்தம். நாலு நட்டும் இரண்டு நிமிடத்தில் இளகிவிட்டன. அம்மா கொடுத்த இருநூறு ரூபாயைத் தொடவே இல்லை. பிளாஸ்கில் இருந்த காபியை மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். நாங்கள் மண்டபத்துக்குப் போனபோது மணி 9.15. காது குத்தி, மொட்டை போட்டு, பையன் தூங்கியே போயிருந்தான்.

இந்த இடத்தில் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு இவை தெரிந்திருந்தால் பின்னால் வந்த செலவே இல்லை. ஒன்று, தேசிய நெடுஞ்சாலையில் நின்றுபோனால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம். நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். நான் நின்ற சாலை அந்தக் கணக்கில்தான் வரும், ஆனால் எனக்கு அந்த நம்பர் ஞாபகத்தில் இல்லை. இரண்டாவது, அந்தக் குழாயின் கணக்கு. என் எடை 54 கிலோ. கார் ஸ்பேனரின் நீளம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். அதன் நுனியில் நான் முழு எடையோடு நின்றால் நட்டின் மேல் விழும் திருகு விசை சுமார் 130 நியூட்டன் மீட்டர். அதே 54 கிலோ 75 சென்டிமீட்டர் குழாயின் நுனியில் விழுந்தால் சுமார் 400. என் கார்ப் புத்தகம் நட்டை 85 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கச் சொல்கிறது. சின்னக் கார்களுக்கெல்லாம் பெரும்பாலும் 85 முதல் 110-க்குள்தான் இருக்கும். அப்படியானால் சரியாக முறுக்கிய நட்டு எனக்கே கழன்றிருக்க வேண்டும். தப்பு என் கையில் இல்லை. மூன்று மாதம் முன்னால் டயர் மாற்றிய கடையில் காற்றழுத்தத்தில் நட்டு முறுக்கும் கன்னை வைத்து 'டர்ர்ர்' என்று ஓட்டியதைப் பக்கத்தில் நின்று டீ குடித்தபடி வேடிக்கை பார்த்ததுதான் என் தப்பு.

ஆனால் இந்தக் கணக்கையெல்லாம் அன்றைக்கு யார் போட்டார்கள்? எனக்கு இருந்தது கோபம் மட்டும்தான். அந்தக் கன் மாதிரி ஒன்றை நானும் வாங்கிவிட வேண்டும் என்று அன்று ராத்திரியே போனை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். கோபத்தில் தேடினால் கடைக்காரனுக்குத்தான் லாபம். கார் சிகரெட் லைட்டரில் செருகும் 12 வோல்ட் இம்பாக்ட் ரென்ச், 340 நியூட்டன் மீட்டர், விலை 2,899 ரூபாய். படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தாள். வாங்கிவிட்டேன்.

பார்சல் வந்தபோது அலுவலகத்தில் வருடக் கடைசி வேலை. பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டேன். பன்னிரண்டாம் நாள் எடுத்து, போர்டிகோவில் முன்சக்கர நட்டில் வைத்து அழுத்தினேன். இந்த வகைக் கருவி ஓயாமல் அடிக்காது. உள்ளே ஒரு கனம் சுற்றி வேகம் எடுக்கும், பிறகு 'டொக்' என்று ஒரு அடி, மறுபடி வேகம் எடுக்கும், மறுபடி ஒரு அடி. பத்துப் பன்னிரண்டு அடிக்குப் பிறகு லைட்டரே செத்துப் போனது, ஃபியூஸ் போய்விட்டது. நட்டு அப்படியே இருந்தது. பிறகுதான் யோசித்தேன். லைட்டர் ஃபியூஸ் 15 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டுக்கு மொத்தமே 180 வாட்தான் அந்தத் துளை வழியாக வரும். நம் வீட்டு மிக்சிக்கே 500 வாட்டுக்கு மேல் வேண்டும். நேராக பேட்டரியில் கிளிப் போட்டு ஓட்டும் வகை இதைவிடத் தேவலாம், ஆனால் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, ஒயரை நாலு சக்கரத்துக்கும் இழுத்துக்கொண்டு திரிய வேண்டும். திருப்பி அனுப்ப ஏழு நாள்தான் கெடு, அது முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. எதை வாங்கினாலும் வந்த அன்றைக்கே பிரித்து, வீட்டிலேயே இருப்பதில் மோசமான நட்டின் மேல் வைத்துப் பாருங்கள். கழன்றால் வைத்துக்கொள்ளலாம்.

தம்பியிடம் புலம்பினேன். "அக்கா, வீட்ல டிரில் மெஷின் இருக்குல்ல? அதுலயே நட்டு புடிக்கிற சாக்கெட் மாட்டிக்க வேண்டியதுதானே" என்றான். பலருக்கும் இந்தக் குழப்பம் இருப்பதால் சொல்கிறேன். சுவரில் ஓட்டை போடும் ஹேமர் டிரில் முன்னும் பின்னுமாக இடிக்கும். அந்த இடி செங்கல்லுக்குத்தான், நட்டுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நட்டு இறுகிப் பிடித்தால் டிரில்லே உங்கள் மணிக்கட்டைத் திருகிவிடும். இம்பாக்ட் ரென்ச்சின் உள்ளே மோட்டார் ஒரு சுத்தியலைச் சுழற்றுகிறது. நட்டு மறுத்து நின்றதும் அந்தச் சுத்தியல் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்வாங்கி, தாவி, சுற்றும் திசையிலேயே ஓங்கி அடிக்கிறது. நொடிக்குப் பல பத்து அடிகள். விசை முழுக்க நட்டுக்குப் போகிறது, பிடித்திருக்கும் கைக்கு அதிர்வு மட்டும்தான் வரும். 54 கிலோ ஆளும் வேலை செய்ய முடிவது இதனால்தான். இம்பாக்ட் டிரைவர் என்று இன்னொன்று உண்டு, கால் இஞ்ச் அறுகோணத் துளையோடு வரும். அது ஸ்குரூவுக்கு. கார்ச் சக்கரத்துக்கு வேண்டியது மூக்கில் அரை இஞ்ச் சதுரக் கட்டை உள்ள ரென்ச்.

அடுத்தது கார்ட்லெஸ். பெட்டியில் பெரிய எழுத்தில் '128 வோல்ட்', இரண்டு பேட்டரி, பத்து சாக்கெட், சூட்கேஸ் மாதிரி டப்பா, 5,499 ரூபாய். இந்தத் தடவை வந்த அன்றே முயன்றேன், மூன்று நொடியில் நட்டு கழன்று கையில் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! நாலு சக்கரத்தையும் கழற்றி, முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாற்றிப் போட்டு, எல்லாவற்றையும் அதே கன்னால் முறுக்கினேன். 'டர்ர்ர்' சத்தம் நிற்கும் வரை ட்ரிக்கரை விடவில்லை. எந்தக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டு இரண்டு மாதம் அலைந்தேனோ அவன் செய்ததையேதான் நானும் செய்திருக்கிறேன் என்பது உறைக்கவே இல்லை. அதே சக்கரத்தை இன்னொரு நாள் மாட்டும்போது, சத்தம் திடீரென்று லேசாகி, நட்டு போல்ட்டின் பாதித் துண்டோடு சாக்கெட்டுக்குள் வந்துவிட்டது. சக்கரத்தைத் தாங்கும் அந்தப் போல்ட்டுக்கு ஸ்டட் என்று பெயர், அது முறிந்துவிட்டது. மூன்று நட்டோடு வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். டிரம்மைக் கழற்றி, பழைய ஸ்டட்டைத் தட்டி எடுத்து, புதிதைப் போட்டார்கள். பக்கத்து ஸ்டட்டின் மரையும் இழுத்துக்கொண்டு போயிருந்ததால் அதையும் சேர்த்து மாற்றினார்கள். கூலியோடு 1,650 ரூபாய். மெக்கானிக் பையன் சிரிக்காமல், "கன்னுல டைட் பண்ணீங்களா மேடம்?" என்று கேட்டான். டயர் கடையில்தான் என்று பொய் சொன்னேன்.

ஆகவே, கன் கழற்றுவதற்கு மட்டும். மாட்டும்போது முதல் நாலைந்து சுற்று கையாலேயே போட வேண்டும், அப்போதுதான் மரை நேராகப் பிடித்திருக்கிறதா என்று விரலுக்குத் தெரியும். பிறகு ஸ்பேனரால் எதிர் எதிர் நட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஜாக்கியை இறக்கி, கடைசி இறுக்கத்தை டார்க் ரென்ச்சால் கொடுக்க வேண்டும். 85-க்கு வைத்தால் அந்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சொல்லிவிடும், அத்தோடு நிறுத்திவிடலாம். அரை இஞ்ச் கட்டை, 28 முதல் 210 வரை அளவு உள்ளது கார் வேலைக்குப் போதும். வேலை முடிந்ததும் பூட்டைத் தளர்த்தி, அதில் உள்ள மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பிரிங் அமுங்கியே இருந்து அளவு தப்பிப் போகும். மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது. வழுக்கினால் அதே 85-க்குப் போல்ட் இன்னும் அதிகமாக இழுபடும். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை சரி பார்த்துக்கொள்வது நல்லது.

கார்ட்லெஸ் கதை இன்னும் முடியவில்லை. ஸ்டட் முறிந்த கடுப்பில் அதை டிக்கியில் போட்டு மறந்துவிட்டேன். சித்திரை வெயில் முழுக்க அது அங்கேயே வெந்தது. ஆடி மாதம் எடுத்துப் பார்த்தால் இரண்டு பேட்டரியுமே உயிரில்லாமல் இருந்தன, சார்ஜரில் போட்டால் விளக்குப் பச்சையாகவே நின்றது. ஒரு சனிக்கிழமை சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி எஸ்.பி. ரோட்டுக்கு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனால் பாதிக் கடை சாத்தியிருக்கும். கருவி ரிப்பேர் கடை ஒன்றில் கன்னடத்தில் ஆரம்பித்தேன். என் கன்னடத்தை இரண்டு வாக்கியம் பொறுத்துக்கொண்டவர், "தமிழா? சொல்லுங்க அக்கா" என்றார். ஸ்ரீராம்புரத்துக்காரராம். பேட்டரியின் நாலு ஸ்குரூவைக் கழற்றி மேல் மூடியைத் தூக்கினார். "எண்ணுங்க" என்றார். அஞ்சு செல். வெறும் அஞ்சே செல்.

அவர் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்தது இது. ஒரு லித்தியம் செல் சாதாரணமாக 3.6 வோல்ட், முழுக்கச் சார்ஜ் ஆனால் 4.2. அஞ்சு செல்லை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட், முழுச் சார்ஜில் 21. ஒருத்தன் அதை 18 என்று எழுதுவான், ஒருத்தன் 20 என்பான், இன்னொருத்தன் 21 என்பான். எல்லாம் ஒரே அஞ்சு செல்தான். 48, 88, 128 என்று டப்பாவில் இருப்பது வோல்ட்டே கிடையாது, வெறும் விற்பனைப் பெயர். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை ஆம்பியர் மணிக் கணக்குச் சொல்லும். எனக்கு வந்தது 1.5, அதாவது சின்னச் செல் ஒரே வரிசை. இம்பாக்ட் ரென்ச் ஒரேயடியாக நிறையக் கரண்டை உறிஞ்சும், ஒற்றை வரிசைச் செல் அதைக் கொடுக்கத் திணறிச் சூடாகும். இரண்டு வரிசையாகப் பத்து செல் உள்ள 4 ஆம்பியர் மணிக்குக் குறையாத பேட்டரியானால் மூச்சு வாங்காமல் வேலை செய்யும். கையில் தூக்கினாலே கனத்தில் வித்தியாசம் தெரியும் என்று இரண்டையும் என் இரண்டு கைகளிலும் வைத்தார். உண்மைதான், ஒன்று சோப்புக் கட்டி, ஒன்று செங்கல்.

"மாசத்துல எத்தன தடவ எடுப்பீங்க?" என்று கேட்டார். மாதமா? வருடத்துக்கு மூன்று தடவை எடுத்தால் அதிகம் என்றேன். "அப்ப பேட்டரி வாங்காதீங்க அக்கா. தினம் ஓட்டுறவன் பேட்டரி ஓடித் தேயும், உங்களது சும்மா கெடந்தே செத்துரும்." எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இது. கார்ட்லெஸ் வாங்கியே தீருவேன் என்றால் பாதிச் சார்ஜில், நிழலில், வீட்டுக்குள் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும். மலிவு சார்ஜரை ராத்திரி செருகிவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. வீட்டில் ஏற்கெனவே ஒரு நல்ல கம்பெனியின் 18 வோல்ட் டிரில் இருந்தால் அதே பேட்டரி போடும் ரென்ச்சை வெறும் உடம்பாக வாங்கினால் போதும், அது நியாயமான வழி. அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் பிளக் இல்லாதவர்களுக்கும் வேறு வழியில்லை. எனக்குப் போர்டிகோவில் பிளக் பாயிண்ட் இருக்கிறது. ஒயர் வைத்ததே போதும் என்று முடிவு செய்தேன்.

ஒயர் ரென்ச் வாங்கும்போது கடைப்பையன்கள் வாட்டைத்தான் சொல்லுவார்கள். "இது ஆயிரம் வாட் மேடம், பவர் ஜாஸ்தி." வாட் என்பது அது குடிக்கும் கரண்ட், அடிக்கும் அடி இல்லை. பாஷ் கம்பெனியின் ஜிடிஎஸ் 18 இ என்ற அரை இஞ்ச் ரென்ச் 500 வாட், 250 நியூட்டன் மீட்டர். மகிட்டாவின் டிடபிள்யூ 0350 வெறும் 400 வாட், ஆனால் 350 நியூட்டன் மீட்டர். உள்ளே சுத்தியல் எப்படி அமைந்திருக்கிறது என்பதுதான் விஷயம். இரண்டும் தொழில்காரர்களுக்கானவை, வருடத்துக்கு மூன்று நாள் எடுக்கிற எனக்கு அந்த விலை அதிகம். நியூட்டன் மீட்டரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முறுக்கும் விசை வேறு, கழற்றும் விசை வேறு. கழற்றும் எண் பெரும்பாலும் பெரியது, டப்பாவில் பெரிதாக அச்சடிப்பது அதைத்தான். இரண்டையும் தனித்தனியாகப் போடுகிற கம்பெனியை நான் கொஞ்சம் நம்புகிறேன். 1,000 நியூட்டன் மீட்டர் என்று ஒரே எண்ணை எழுதி, ஐயாயிரம் ரூபாய்க்கு விற்கிறவனை நம்புவதில்லை. என் கணக்கு இப்படி: நட்டுக்கு உரியது 85, காற்றுக் கன்காரன் முறுக்கியது அதைப் போல இரண்டு மூன்று மடங்கு, துருவுக்குக் கொஞ்சம் சேர்த்தால் 300, 350 உண்மையாகக் கொடுக்கிற கருவி சின்னக் காருக்குப் போதும்.

கடையில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று கடையில் நான் கேட்ட கேள்விக்குப் பதிலை என் பின்னால் நின்றிருந்த ஆளைப் பார்த்துச் சொன்னார்கள். அவர் யாரோ, வேறு ஏதோ வாங்க வந்தவர். நாலாவது கடையில் கருவியைக் கையில் கொடுத்து, பிளக்கில் செருகி, பெரிய வைஸில் இறுக்கியிருந்த போல்ட் ஒன்றில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அங்கேயே வாங்கினேன். 4,650 ரூபாய், ஒரு வருட வாரண்டி, டப்பாவிலேயே, மோட்டாருக்குள் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ்ஷுக்கு மாற்று ஒரு ஜோடி. பிரஷ் மூடி வெளியிலிருந்தே ஸ்குரூ டிரைவரால் திறக்கிற மாதிரி இருக்கிறதா, சர்வீஸ் சென்டர் ஊருக்குள் இருக்கிறதா, இந்த இரண்டையும் கேட்டுத்தான் பணம் கொடுத்தேன். எடை மூன்று கிலோவுக்குப் பக்கம். அதை ஒரு நிமிடம் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பிடிக்கும்போது அது ஆறு கிலோவாகத் தெரியும்.

சாக்கெட் தனியாக வாங்க வேண்டும். பளபளவென்று வெள்ளையாக இருக்கிற சாக்கெட் கையால் திருகுவதற்கு, இம்பாக்ட் அடியில் கீறல் விட்டுச் சில்லாகத் தெறிக்கலாம். கறுப்பாக, சுவர் தடித்து, ஆறு மூலையோடு இருப்பதுதான் இம்பாக்ட் சாக்கெட். பன்னிரண்டு மூலை வேண்டாம், மழுங்கின நட்டில் வழுக்கும். என் வண்டிக்கு 19 மில்லிமீட்டர், தம்பியின் ஹூண்டாய்க்கு 21. இரண்டும் சேர்த்து 520 ரூபாய் ஆனது. அலாய் வீல் என்றால் வெளியே பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய சாக்கெட் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் துளையைச் சுற்றிக் கீறிவிடும். நீட்டிப்புக் கட்டை, மாற்றுக் கட்டை என்று நடுவில் எதைச் சொருகினாலும் அடியின் பலம் அதில் கொஞ்சம் கரைந்துவிடும். மின்சார எக்ஸ்டென்ஷன் கேபிளும் அப்படித்தான். டிவிக்கு வைத்திருந்த மெல்லிய ஒயரில் செருகியபோது ரென்ச் முனகியது, 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்ட கேபிளுக்கு மாறியதும் சரியானது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், காதில் அடைப்பான் வையுங்கள். சத்தம் தெருமுனை வரை கேட்கும். ஒரு தடவை மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்து எதிர்வீட்டு அஜ்ஜியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வாங்கிவிட்டோமே என்று எல்லாவற்றிலும் வைக்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. இரும்பு அலமாரியின் 8 மில்லிமீட்டர் போல்ட்டில் வைத்தேன், அரை நொடியில் தலை தனியாக வந்துவிட்டது. சின்னப் போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டரே அதிகம், அதற்குச் சாதாரண ஸ்பேனர் போதும். ஊரில் அப்பாவின் பழைய போர் மோட்டாரில் துருப்பிடித்த ஃப்ளாஞ்ச் போல்ட்டுகளை மட்டும் இது அழகாகக் கழற்றிக் கொடுத்தது.

கணக்கைப் பார்த்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. லைட்டர் ரென்ச் 2,899, கார்ட்லெஸ் 5,499, ஸ்டட் 1,650. மொத்தம் 10,048 ரூபாய் வீண். இப்போது உருப்படியாக இருப்பவை: ஒயர் ரென்ச் 4,650, சாக்கெட் 520, டார்க் ரென்ச் 2,400, சாக்கெட் மாட்டித் திருகும் இரண்டரை அடி நீளக் கைப்பிடியான பிரேக்கர் பார் 750. எல்லாம் சேர்த்து 8,320. இதில் ரென்ச் வீட்டில் இருக்கும். காரில் போவது அந்த 750 ரூபாய்ப் பாரும் 19 சாக்கெட்டும்தான், ஏனென்றால் அத்திப்பள்ளி ரோட்டோரத்தில் பிளக் பாயிண்ட் கிடையாது. ஒரே கார், வருடத்துக்கு ஒரு பஞ்சர் என்றால் நீங்கள் கன்னே வாங்க வேண்டாம், பாரும் டார்க் ரென்ச்சும் 3,150 ரூபாய், கூட ஒரு சாக்கெட், அத்தோடு முடிந்துவிடும். என்னிடம் அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு கதை. நான் டயர்களை வீட்டிலேயே மாற்றிப் போடுகிறேன், தம்பி வண்டியையும் பார்க்கிறேன், குந்தி உட்கார்ந்து பதினாறு நட்டு திருகினால் தோள்பட்டை இரண்டு நாள் பேசும். அதற்காகத்தான் கன். எந்தக் கடையில் சக்கரத்தைத் தொட்டாலும், வீட்டுக்கு வந்ததும் நாலு நட்டையும் பாரால் கால் சுற்று இளக்கி, 85-க்கு மறுபடி இறுக்கிவிடுகிறேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒவ்வொரு நட்டாக. பத்து நிமிட வேலை.

போன வாரம் மாடிவீட்டு அங்கிள் கன்னை இரவல் கேட்டார். கூடவே டார்க் ரென்ச்சையும் கையில் திணித்து, "முறுக்கறதுக்கு இது அங்கிள், கன் வேண்டாம்" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். மறுநாள் கன் கிரீஸ் அப்பிக்கொண்டு வந்தது. டார்க் ரென்ச் டப்பாவின் மேல் நான் சுற்றியிருந்த ரப்பர் பேண்ட்கூட நகரவில்லை. சாயங்காலம் அவர் நடைப்பயிற்சிக்குப் போன நேரம் பார்த்து, பாரையும் சாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு அவர் வண்டி பக்கம் போனேன். முதல் நட்டுக்கே பாரின் நுனியில் ஏறி நிற்க வேண்டியிருந்தது.